அளவு கச்சிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. உன் நாவல் வெளிவந்ததிலிருந்து அவர் தையல் கடையில் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நீ வேலையை ராஜினாமா செய்துவிட்டதாக அப்பா சொன்னார். "இன்டர்நெட்டுல அறுபத்து மூணு பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான். இனிமே அவ எதுக்கு இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கணும்?" என்றார்.

அந்த மதிப்புரைகளை எண்ணாமல் ஒருமுறை படித்துப் பார், அக்கா. கதையில் வரும் ஒரு பெயராவது அவற்றில் இருக்கிறதா? "சொன்ன தேதிக்குக் கிடைத்தது. அளவு கச்சிதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை அப்பாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று கீழே போனவள் கடைவாசலிலேயே நின்றுவிட்டேன். சட்டை வாங்க வந்தவரிடம் அப்பா, "முதல்ல பொண்ணு புஸ்தகத்துக்கு அஞ்சு போடுங்க சார், அப்புறம் பொத்தான் வச்சுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் படிக்கலையே மாஸ்டர்" என்றார் அவர். "நான் மட்டும் படிச்சேனா? நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க. என் தையலைப் பத்தி எழுதுறதா நினைச்சுக்குங்க."

அப்பாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் உன் புத்தகத்தை அட்டை போட்டு வைத்திருக்கிறார். நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை.

மூன்று நட்சத்திரம் போட்ட ஒருத்தியை நினைவிருக்கிறதா? பின்பாதி இழுக்கிறது, கணவன் வெறும் பொம்மை, ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண் செருப்பைத் தேடும் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன் என்று எழுதியவள். "பொறாமை பிடிச்ச ஜென்மம்" என்று அவளைத் திட்டி, என்னிடமே ஒரு மணி நேரம் அழுதாய். அவள் நான்தான். என் பெயரில் எழுதியிருந்தால், தங்கைதானே என்று ஒதுக்கியிருப்பாய். அறுபத்து நான்கு பேரில் புத்தகத்தைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது தெரியாது.

மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது. ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள். செய்ய மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அந்தச் செருப்பு அத்தியாயம் உண்மையாகவே நன்றாக இருக்கிறது. இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் எப்படி நம்புவாய்? எனக்கும் தெரியவில்லை.

அப்பா உனக்குத் தைத்த சட்டைக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். உன் பழைய அளவை வைத்துத்தான் வெட்டியிருக்கிறார். போட முடியாமல் போனாலும், கச்சிதமாக இருக்கிறது என்றே அவரிடம் சொல்லிவிடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கும்,
உன் தங்கை