இரண்டு பிரேக் வைத்த வண்டி

ஜூன் 9, திங்கள்

அண்ணி டிரைவிங் டெஸ்ட்டில் தோற்றுவிட்டாள்.

சிக்னலில் பிரேக்கை மிதித்தாளாம், ஸ்டீயரிங் கையில் உதறியதாம், பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டாளாம். பயிற்சி வண்டி என்பதால் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதிகாரி அதை மிதித்து நிறுத்தியிருக்கிறார். அவர் மிதித்தால் ஃபெயில்தான், வேறு பேச்சே இல்லை.

"என் தப்பு இல்ல. வண்டிதான் உதறுது" என்றாள்.

"அதெல்லாம் சாக்கு அண்ணி. நீங்க மிதிக்கற மிதிக்கு ரயிலே நின்னுடும்."

சொல்லியிருக்க வேண்டாம். வீட்டு வாசலில் இறங்கும்போது, "எனக்கு இது வராது, விட்டுடு" என்றாள்.

விட முடியாது. அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. மாதாமாதம் கண்ணில் ஊசி, நடுநடுவே பரிசோதனை. ஸ்டீயரிங்கைத் தொட்டே ஒரு வருடமாகிவிட்டது. அண்ணி லைசென்ஸ் எடுக்கும்வரை அவனுக்கு நான்தான் டிரைவர். காலையில் ஓட்டுநர் பள்ளி, நடுவில் ஆஸ்பத்திரி, சாயங்காலம் மறுபடியும் பள்ளி. பள்ளி என்பது பேருக்குத்தான்: ஒரு வண்டி, ஒரு நாற்காலி, நான்.

இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூன் 10

வகுப்பு முடிந்து நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன். மெல்ல மிதித்தால் பெடல் காலுக்கடியில் நாடி மாதிரி துடிக்கிறது. வேகத்தில் மிதித்தால் ஸ்டீயரிங்கே நடுங்குகிறது.

அவள் சொன்னது நிஜம். போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஜூன் 12

இன்னும் சொல்லவில்லை. வண்டியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் எனக்குப் பள்ளித் தோழன். அப்போதிருந்தே பட்டப்பெயர் முணுமுணுப்பு. வண்டியோடுதான் பேசுவான், வண்டிக்காரரோடு பேசமாட்டான்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஸ்டீயரிங் உதறினா முன்னாடி. சீட்டு உதறினா பின்னாடி. இது முன்னாடி" என்றான். முன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளே சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கை அளந்தான். ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெலிவு. பிரேக் பேட் அதைக் கவ்வும்போது மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற கதைதான். அதுதான் துடிப்பு.

"ஏன் இப்படி ஆச்சு?"

"பழசாயிடுச்சு. நாமளும்தான்."

டிஸ்க்கும் பேடும் புதுசு போட்டான்.

ஜூன் 13

புது பேட் படிய வேண்டும். ஆளில்லாத சாலையில் வேகம் பிடித்து, மெல்ல மிதித்து, நிற்பதற்குள் விட்டு, மறுபடி வேகம் பிடித்து... வெண்ணெய் மாதிரி நின்றது.

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். "வண்டியிலதான் கோளாறு. உங்க மேல தப்பில்ல." வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "இன்னொரு தடவை சொல்லு. உங்க அண்ணனுக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள். சொன்னேன். உள்ளறையிலிருந்து அண்ணன் சிரித்தான்.

நாளையிலிருந்து வருகிறாள்.

ஜூன் 21

தினமும் சாயங்காலம் அண்ணி வகுப்பு. திருப்பத்தில் இன்னும் தயங்குகிறாள். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 30

உதறுகிறது. மறுபடியும்! புது டிஸ்க்!

அண்ணி கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, விரலை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஜூலை 2

முணுமுணுப்புக்குக் கோபம். போன வாரம் பஞ்சர் ஒட்டிய டயர் கடைக்காரர் நட்டுகளை ஒரு பக்கமாக முடுக்கியிருப்பார் என்றான். எல்லாவற்றையும் தளர்த்தி, டிஸ்க் உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி, எதிரெதிர் நட்டாக ஒரே அளவில் முடுக்கினான். ஓட்டிப் பார்த்தோம். அதே உதறல்.

திரும்பக் கழற்றி டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

"சூடு. பேடு உருகி ஒட்டியிருக்கு." பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றினான். தாராளமாகச் சுற்றியது. "அப்போ ஆளுதான். யாரோ ஓட்டும்போதே பிரேக்குல காலை வெச்சிக்கிட்டே இருக்காங்க. உன் மாணவர்கள்ல யாருன்னு பாரு."

யாரென்று எனக்குத் தெரியாதா? அண்ணி வந்த பிறகுதானே இந்தக் கூத்தெல்லாம்.

ஜூலை 4

இன்று முழுக்க அண்ணியின் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று.

"ரோட்டைப் பாரு டீச்சர். என் கால்ல என்ன சினிமாவா ஓடுது?"

இருட்டத் தொடங்கியிருந்தது. பின்னால் ஒரு வெள்ளை வேன் ஒட்டியே வந்தது. கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க என்று நான்தான் தொண்டை வறளக் கத்துவேன். பார்த்தாள்.

"அந்த வேன் மூஞ்சி ஏன் செக்கச்செவேல்னு இருக்கு? நம்ம பிரேக் லைட்டா? நான் ஆக்சிலேட்டர்லதானே இருக்கேன்?"

இருந்தாள். அவள் கால் சரியாக இருந்தது.

குனிந்து என் பக்கம் பார்த்தேன். என் கால், என் பெடலில். லேசாக, ஆனால் அழுத்தித்தான். காலை எடுத்தேன். வேன் வெளுத்தது. வண்டி கயிறு அவிழ்த்த மாதிரி முன்னால் பாய்ந்தது.

"ஓ" என்றாள் அண்ணி. "ரெண்டு பேருமா ஓட்டிட்டிருந்தோம்?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜூலை 5

காலையில் வந்த மூன்று பேர் ஓட்டும்போதும் என் காலைக் கவனித்தேன். பெடலுக்கு மேலே, தொடாமல், தயாராக. அப்படித்தானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணியிடம் மட்டும் ஏன்?

அசதியா? சாயங்காலத்துக்குள் கால் கல்லாகக் கனக்கிறது, தானாக விழுந்துவிடுகிறதா? இல்ல. பொய் சொல்லாதே. எனக்குப் பயம். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணனை யார் பாத்துப்பா? அவனுக்குக் கண்ணே அவதானே. அவ எங்கேயாவது இடிச்சுடுவான்னு பயந்து பயந்து, அவ ஓட்டவே விடாம இழுத்துப் பிடிச்சிட்டு, ஏன் அண்ணி உங்களுக்கு வரலைன்னு திட்டவும் திட்டியிருக்கேனே!

ஜூலை 7

முணுமுணுப்பிடம் சொன்னேன். முதல்முறையாக வாய்விட்டு, தெளிவாக, ஒரு முழு வாக்கியம் பேசினான். அதை இங்கே எழுத முடியாது.

டிஸ்க்கை லேத் பட்டறைக்குக் கடைசலுக்கு அனுப்பிச் சமமாக்கி, பேடு மாற்றினான். என் பெடலை அழுத்தினால் கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸரும் மாட்டிவிட்டான்.

ஜூலை 9

வழி நெடுகக் கிர்ர். ஒவ்வொரு கிர்ருக்கும் அண்ணி, யாரோ வாசல் மணி அடித்த மாதிரி, "யாரு?" என்கிறாள்.

ஜூலை 10

கிர்ர்.

ஜூலை 16

ஒரே ஒரு கிர்ர். குறுக்கே ஒரு நாய் ஓடியது. நான் மிதிப்பதற்கு முன்பே வண்டி நின்றிருந்தது. அவள் நிறுத்தியிருந்தாள். உதறலே இல்லை.

"யாரு?" என்று கேட்கவில்லை. "பயந்துட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 23

பாஸ். அதிகாரி காலை அசைக்கவே இல்லையாம். அண்ணன் போனில் மூன்று முறை சொன்னான்.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணனுக்கு ஊசி நாள். காலை வகுப்புகளை முடித்துவிட்டு நானும் கூடப் போனேன், துணைக்கு. அண்ணி ஓட்ட, அண்ணன் முன்னால். பின் இருக்கையில் நான். அங்கே உட்கார்ந்து எத்தனை காலமாகிறதோ. காலுக்கடியில் ஒரு பெடலும் இல்லை.

ஊசி முடிந்து திரும்பும்போது நான் கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது ஜன்னலில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, வீட்டைத் தாண்டிட்டீங்க."

"தெரியும். நீ குறட்டை விட்டே. எழுப்பாதே, இன்னொரு சுத்து போன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு."

"எவ்வளவு நேரமா சுத்தறீங்க?"

அண்ணன் கட்டுப்போட்ட கண்ணோடு, திரும்பாமலே, "அவ நல்லாத்தான் ஓட்டறா. நீ படு" என்றான்.

படுத்துக்கொண்டேன்.