இடது கதவில் ஓர் ஒடுக்கு

பண்டமாரான், கிள்ளான்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் விமலனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாதவியும் பேத்தி தாமரையும் அந்த டப்ளின் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை எழுத மாட்டேன் என்கிறது. இந்தக் காலத்தில் யாரப்பா கடிதம் எழுதுகிறார்கள், வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஆகாது, தாமரை வேறு தாத்தா தாத்தா என்று குறுக்கே வருவாள், அவள் முன்னால் நான் அழுது வைத்தால் நன்றாகவா இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன், ஆபீஸ் வேலைக்கு நடுவில் படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது என்று உனக்குத் தெரியும். காலையில் என்னைத் தெரியும், மத்தியானம் தெரியாது, விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி தெரியும், அது எனக்குப் பழகிவிட்டது. உனக்குத் தெரியாதது அவள் காலில் வந்த புண். சக்கரைக்காரிக்குச் செருப்பு கடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், அங்கிள் இது வீட்டில் வைத்துக் கழுவுகிற புண் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வராவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டு போகலாம் என்றால் உன் அம்மா வண்டியில் ஏறினால்தானே. இப்போது வைத்திருக்கிற மைவி காரைப் பார்த்து, இது யாரு வண்டி, நான் ஏன் ஏறணும், நம்ம வண்டி வரட்டும் என்கிறாள். கிராப் டாக்சி கூப்பிட்டேன், ஏறவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன், அவள் கத்திய கத்தலில் தாமானில் குடியிருக்கிற அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ரத்த அழுத்தம் ஏறிப் போய் அவர்களே பயந்து விட்டுவிட்டுப் போனார்கள். நம்ம வண்டி என்று அவள் சொல்வது எது என்று உனக்குப் புரிந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது வைத்திருந்தோமே, சந்தன நிறத்து டட்சன் 120Y, அதேதான். நீ காலேஜ் போன வருசம் விற்ற வண்டி.

எங்கள் கூட்டம்தான் உனக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டு செத்துப்போன வண்டிகளை உயிரோடு எழுப்புகிற கூட்டம் என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அதே கூட்டம். பாலன் தன் மோரிஸ் மைனரை எடுத்துக்கொண்டு வருவான், இராமலிங்கம் வோல்வோ 244-ல் மந்திரி மாதிரி வந்து இறங்குவான், நான் மைவியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நடந்து வருவேன். யார் எந்த வண்டியை எங்கே பார்த்தோம் என்பதுதான் பேச்சு. பங்சாரில் ஒரு கரோலா KE20 போச்சுடா, சைலன்சர் சத்தத்துலயே கண்டுபிடிச்சேன் என்பான் ஒருவன், அது KE20 இல்லடா, KE30, ஒனக்குக் காது போச்சு என்பான் இன்னொருவன், அதற்கே ஒரு மணி நேரம் சண்டை. கட்டிய பெண்டாட்டி பிறந்த நாள் தெரியாது, விற்ற வண்டியின் நம்பர் மட்டும் மந்திரம் மாதிரி வாயில் வரும். அந்தக் கூட்டத்தில்தான் ஒரு ஞாயிறு நான் அம்மாவின் விஷயத்தைச் சொல்லி உடைந்துபோய் உட்கார்ந்தேன். ஒருவனும் ஆறுதல் சொல்லவில்லை. இராமலிங்கம் கேட்டது ஒரே கேள்வி, நம்பரு என்னா? சொன்னேன். அன்றைக்கே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார்கள். பினாங்கிலிருந்து ஜொகூர் வரைக்கும் பழைய வண்டிப் பைத்தியங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் பாலன்தான் கண்டுபிடித்தான், பந்திங் பாசார் சந்தைக்குப் பின்னால், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக், அவருடைய வண்டி. நான் போய் நின்றபோது, தம்பி, அதன் கோலத்தைப் பார்க்க வேண்டுமே. துரு, சேறு, பின் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். ஆனால் இடது பக்க முன் கதவில் உன் ஒடுக்கு அப்படியே இருந்தது.

நினைவிருக்கிறதா, நீ பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படிக்கும்போது குவார்ட்டர்ஸ் மேட்டிலிருந்து சைக்கிளை விட்டுக்கொண்டு வந்து பிரேக் பிடிக்காமல் மோதினாயே, அந்தக் கதவுதான். நான் தட்டி எடுக்கக் கொண்டுபோகிறேன் என்றதற்கு உன் அம்மா விடவில்லை. பிள்ளை மேல விழ வேண்டிய அடிய இது வாங்கிக்கிச்சு, இது அப்படியே இருக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அந்த ஒடுக்கை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள், கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. பந்திங் பாக்சிக்கும் நல்ல மனுசர், பெண்டாட்டிக்காக என்று கேட்டதும் வேறு எதுவும் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

இங்கேதான் தம்பி, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. வண்டியை அன்றைக்கே ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள்தான் வண்டிக்காரர்கள் ஆயிற்றே, துருப்பிடித்த வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போமா. சுகு, ஒன் பெண்டாட்டி அமுதவள்ளி ஏறுற வண்டி ராணி மாதிரி இருக்கணும்லா என்றான் இராமலிங்கம், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் சீன மெக்கானிக் ஆ லியோங் பட்டறையில் விட்டோம். இரவும் பகலும் வேலை, ஆளுக்கொரு ஊரிலிருந்து சாமான். ஒருவன் ஒரிஜினல் ஸ்டீரிங் கொண்டுவந்தான், ஒருவன் அந்தக் காலத்து ரேடியோ, சீட்டுக்குப் புதுத் துணி, அதே சந்தன நிறத்தில் பெயின்ட். நானும் கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை மறந்து நின்றேன். வண்டி வெளியே வந்தபோது கடையிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கிய மாதிரி மின்னியது, எல்லாரும் போட்டோ எடுத்தோம், ஒருவனுக்கும் எதுவும் தோன்றவில்லை. ஆ லியோங் அந்தக் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி மாவு பூசித் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன், அவனை என்ன சொல்வது.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தேன். உன் அம்மா சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்து வேக வேகமாக வந்தாள் தம்பி, அந்தப் புண் காலை வைத்துக்கொண்டு. வந்தவள் நேரே இடது கதவுக்குப் போய் உள்ளங்கையை வைத்தாள். தடவினாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, கண் தெரியாதவர்கள் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, இது புது வண்டி, யாரோடதோ, நம்மளது இல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாலன் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊரே தேடிக் கண்டுபிடித்ததை நாங்களே கூடி அழித்துவிட்டோம்.

மறுநாள் காலையில் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஆ லியோங்கும் பாலனும் வந்திருந்தார்கள், என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கதவில் ஓங்கி ஒரு போடு போட்டேன். ஐயோ அங்கிள், ஏன் லா என்று ஆ லியோங் கத்துகிறான், டேய் சுகு, பைத்தியமாடா ஒனக்கு என்று பாலன் கையைப் பிடிக்கிறான். வண்டி மேல் ஓர் ஈ உட்கார்ந்தால் துண்டால் விசிறுகிற ஆள் நான். பெயின்ட் தெறித்து விழுந்ததைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், வாய்விட்டு அழுதேன். சத்தம் கேட்டு உன் அம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து குனிந்து, அண்ணே, அழாதீங்கண்ணே, உங்க வண்டியா, எவன் இடிச்சான் என்றாள்.

அண்ணே என்றாள், தம்பி. நாற்பது வருசத்துக்கு மேலே என்னை ஏங்க என்று மட்டுமே கூப்பிட்டவள். அவளே பேசினாள். எங்க வண்டியையும் எம் மவன் இப்படித்தான் இடிச்சிட்டான், இதே எடத்துல, என் வீட்டுக்காரருக்கு வண்டின்னா உசுரு, அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல, ஆனா பிள்ளைய ஒரு வார்த்த சொல்லல, அவன் தூங்குன பொறவு முட்டியில அடிபட்டிருக்கான்னு டார்ச் அடிச்சிப் பாத்தாரு, அந்த மாதிரி மனுசன் எங்கண்ணே கெடைப்பாரு என்றாள். சொல்லிக்கொண்டே அந்தப் புது ஒடுக்கைத் தடவிக் கொடுத்தாள், எனக்காக. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போறேன், ஏறுங்க, கால் கட்டு மாத்திட்டு வந்துடலாம் என்றேன். அவர் வந்தா தேடுவாரே என்றாள். அவருதான் என்னை அனுப்பினாரு என்றேன். அவரு சொன்னாரா, அப்ப சரி என்றாள். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அந்நியர் வண்டியில் நல்ல வீட்டுப் பெண்பிள்ளை அப்படித்தானே உட்காருவாள்.

ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை அறுத்துச் சுத்தம் செய்து, ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பித்தது, அதற்குக் கடவுளுக்குத்தான் கும்பிடு போட வேண்டும். கூட வந்தது யாரு ஆன்டி என்று நர்ஸ் கேட்டதற்கு, தெரிஞ்ச அண்ணன், தங்கமான மனுசன் என்றாள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றப் போகிறோம். எப்படிப் போகிறோம் என்று சொல்கிறேன், சிரிக்காதே. வீட்டுக்குள் அவளுக்கு நான் புருசன், நான் கூப்பிட்டால் நம்ம வண்டி வரட்டும் என்று வரமாட்டாள். அதனால் அவளுக்குப் பசியாற எடுத்து வைத்துவிட்டு, மருந்து கொடுத்துவிட்டு, பின் கதவு வழியாக வெளியே போய், சந்து சுற்றி முன் வாசலுக்கு வந்து, கேட்டைத் தட்டி, தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரர் அனுப்பினாரு என்று சொல்ல வேண்டும். உடனே வந்து ஏறிவிடுகிறாள். வழியெல்லாம் பின் சீட்டில் இருந்துகொண்டு அவள் வீட்டுக்காரரைப் பற்றியே பேசுகிறாள். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன். பக்கத்து சீட் காலியாக இருக்கிறது. நேற்று மழை, இடி இடித்தது, உனக்குத்தான் தெரியுமே இடி என்றால் அவளுக்கு எவ்வளவு பயம் என்று. பின்னால் தனியாக உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, அவரு கூட இருந்தா பயமே இருக்காதுண்ணே என்கிறாள். கையை நீட்டினால் தொடுகிற தூரம், நீட்ட முடியவில்லை.

அதனால்தான் தம்பி, உன்னை ஒன்று கேட்கிறேன். இதுவரைக்கும் உன்னிடம் லீவு போட்டு வா என்று நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வா. பாலனை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன், அவன் குரலைக் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் குரலுக்கு வருவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. நீ முன் வாசலில் வந்து நின்று கூப்பிடு, உன்னை அண்ணே என்பாள், பல்லைக் கடித்துக்கொள், அம்மா என்று வாய் தவறிவிடாதே, அவள் மகன் இன்னும் பள்ளிக்கூடம் விட்டு வரவில்லை. நீ வண்டியை ஓட்டு. நான் வீட்டுக்குள்ளிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் புருசனாகவே வந்து, பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். கொஞ்ச நாளைக்காவது.

மாதவியைக் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல். தாமரைக்குத் தமிழில் கதை சொல்லுங்கள். நீங்கள் மூவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, அங்கே எல்லாம் ஆட்டோ கியர் ஓட்டிப் பழகியிருப்பாய், இது கையால் போடுகிற நாலு கியர், கிளட்ச் கொஞ்சம் கெட்டி, யாருடைய வண்டியிலாவது பழகிக்கொண்டு வா. வண்டி குலுங்கினால் அவளுக்குக் கால் வலிக்கும்.

இப்படிக்கு,
அம்மாவுக்கு இப்போதைக்கு வண்டிக்கார அண்ணன்,
உன் அப்பா
சுகுமாறன்