தொட்ட பிறகு கழுவுகிற கை

ஆடி 4, செவ்வாய்

காற்று. வார்டு முழுக்கப் புழுதி. ஜன்னலுக்குக் கதவு கேட்டு மேலிடத்துக்கு மறுபடி எழுத வேண்டும். பதில் வராது.

குருவிகுளத்து மாரிக்குக் காய்ச்சல். பிரசவமாகி மூன்றாம் நாள். அடிவயிற்றைத் தொடவிடவில்லை. நாற்றம். போன மாதமும் இப்படி ஒருத்தி. இரண்டுமே மிட்வைஃப் செல்லம்மாள் பார்த்த பிரசவம்.

ஆடி 5, புதன்

வாசலில் நின்று பார்த்தேன். ஒருத்தியின் மார்புக் கட்டிக்குச் சீழ் துடைத்துக் கட்டுப் போட்டாள் செல்லம்மாள். கையைச் சேலையில் துடைத்தாள். அதே கையோடு அடுத்த கட்டிலில் பிரசவ வலிக்காரியைச் சோதித்தாள்.

டியூட்டி முடிந்ததும் கிணற்றடியில் தலைமுழுக்கு. சீயக்காய், திருநீறு. தீட்டுக் கழிந்ததாம். அழுக்கு, நோயாளியிடமிருந்து இவளுக்கு மட்டும்தான் வருமாம்! இவளிடமிருந்து போகவே போகாதாம்.

தொடுவதற்கு முன்னால் கழுவு என்றேன்.

"அவ என்ன சாமியா டாக்டரம்மா, கையக் கழுவிட்டுத் தொட?"

கம்பவுண்டர் சிரித்தார். அறைந்திருக்க வேண்டும்.

ஆடி 7, வெள்ளி

வார்டு வாசலில் கிருமி கொல்லும் லைசால் கரைத்த பேசின் வைத்தாயிற்று. கை முக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது.

செல்லம்மாள் கம்பவுண்டரிடம், என் காதில் விழட்டும் என்றே: "சேரிப் பொம்பளையத் தொட நான் கை கழுவணுமாம் அண்ணாச்சி. அப்ப தீட்டு அவளுக்கா, எனக்கா?"

வெறுக்கிறேன் இவளை.

மாரி பிதற்றுகிறாள். பெனிசிலின் இன்னும் வரவில்லை. அவள் அம்மா கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிட்டு என்னைப் பார்த்துப் பயந்தாள். பூசட்டும். கெடுதல் வந்தது எங்கள் கையால்.

சாப்பாட்டில் கல்.

ஆடி 9, ஞாயிறு

மாரி செத்துப்போய்விட்டாள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் அம்மா பஸ்ஸுக்கு நடந்தாள். கூட யாருமில்லை.

செல்லம்மாள்: "அவ விதி."

பேசினில் தூசி மிதக்கிறது. தண்ணீரை யாரும் மாற்றவில்லை.

ஆடி 10, திங்கள்

புளியங்குடியிலிருந்து வில்வண்டியில் ஒரு பிரசவம். செல்லம்மாளின் மகள். தலைப்பிரசவம்.

செல்லம்மாளே பேசினைக் கொட்டி, புது லைசால் ஊற்றினாள். முழங்கை வரை சோப்பு. நக இடுக்கெல்லாம் தேய்த்தாள். வெந்நீர் வேறு. இவளுக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். பாவி.

நான் கட்டிலருகே போனேன். குறுக்கே வந்து நின்றாள்.

"கை கழுவுனியளா டாக்டரம்மா?"