மஞ்சள் தண்ணீர் பட்ட புழுக்கள்

வைகாசி, செவ்வாய் இரவு.

அம்மன் சடங்குக்காக வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்த மச்சாள், மகள் வளர்த்த ஆராய்ச்சிப் புழுத் தட்டுகளையும் மூடி திறந்து நனைத்துவிட்டார். எல்லாம் பழுது.

மகள் சொல்லியிருக்கிறாள்: முட்டையாக வேண்டிய உயிர்க்கலங்களில் புரதம் செய்யும் கட்டளை முன்பே இருக்குமாம். நேரம் வரும்வரை ஒரு காவல் அதை அடக்கி வைக்குமாம். காவலை எடுத்தால் முட்டையின் இடத்தில் தசையும் நரம்பும் முளைக்குமாம். காவல் எடுத்த புழுக்கள்தான் இவை.

"மாமி, என்ட படிப்பே போச்சு!" மகள் செம்பைப் பிடுங்கி எறிந்தாள். மச்சாளின் நெற்றி பிளந்தது.

"புழுவுக்காக என்ட அக்காவ அடிப்பியா?" என் கணவர் மகளின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். நிறுத்தவில்லை.

"விடுங்க, புள்ள செத்துருவாள்!" என்று கத்தினேன்.

கேட்கவில்லை. உலக்கையை எடுத்து அவர் கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எதிர்த்துப் பேசாதவள் நான்.

வைத்தியசாலையில் மகள் வீங்கிய உதட்டோடு கேட்டாள். "அம்மா, உங்களுக்கும் காவல் விட்டுப்போச்சா?"

"சிரியாத புள்ள, தையல் பிரியும்."

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த இரத்தத்தைக் கழுவிவிட்டேன். தாயே, நாளைக்கு இந்தக் கையோடு உன் வாசலுக்கு வருவேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.