கணக்கு டீச்சரின் அப்பா

அன்பு மகள் குட்டிமாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் தங்கையின் பள்ளியில் இரண்டு வருஷமாகக் கணக்குக்கு ஆள் இல்லை. இந்த வருஷம் தலைமையாசிரியர், ஆஸ்பத்திரிக்காரர்கள், லேத் பட்டறை முதலாளி, பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். வருகிற ஆசிரியருக்கு நம் எதிர்வீட்டு மாடி, ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் என்று ஏற்பாடு. முதலில் வந்தவர் நான்கே மாதத்தில் பெட்டியைக் கட்டிவிட்டார். பஸ் நிலையம்வரை போய்க் காரணம் கேட்டேன். "வீடு குடுத்தீங்க, கட்டில் குடுத்தீங்க, ஸ்கூல் விட்டா பேசறதுக்கு ஒரு ஆள் இல்லைங்கம்மா" என்றார். சுருக்கென்றது. எதிர்வீடுதானே, ஒருநாளாவது நான் எட்டிப் பார்த்திருக்கலாம்.

அடுத்து ஒரு டீச்சர் வந்தாள். குழு தன் சலுகைப் பட்டியலை வாசிக்குமுன் நானே குறுக்கே புகுந்து, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டுவிட்டேன். கையைப் பிசைந்தாள். "எங்கப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. தனியா விட்டா எங்கயாவது கிளம்பிடறார், அதனாலயே ரெண்டு வேலையை விட்டேன்" என்றாள். தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், என்னால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு நாள் நான், ஒருநாள் பட்டறைக்காரர் மனைவி, மீதி நாள் ஆஸ்பத்திரியின் நர்சிங் மாணவிகள் என்று அங்கேயே பேசி முடித்தோம். அடுத்த வாரமே அவள் தன் அப்பாவோடு எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தாள். "உனக்கே மூச்சு வாங்குது, இது வேறயா" என்று அப்பா முணுமுணுத்தார், இப்போது பெரியவரோடு சீட்டாடுவதே அவர்தான்.

போன செவ்வாய், என் முறையன்று, அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பெரியவரைக் காணோம். சொல்லியனுப்பியதும் டீச்சர் வகுப்பிலிருந்து ஓடிவந்தாள், பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருத்தெருவாகப் போனார்கள், அப்பாகூட நொண்டிக்கொண்டே தேடினார். ஒருமணி நேரம் கழித்துத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றவரைக் கண்டுபிடித்தோம். இதோடு இவளும் போய்விடுவாள் என்றே நினைத்தேன், அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இத்தனை வருஷமா இவரை நான் ஒருத்திதான்மா தேடியிருக்கேன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் பரீட்சை இருப்பதால் உன் தங்கையைப் படிக்கச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிப் போனாள்.

கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இருவரும் மனம் நிறைந்து வாழ எங்கள் ஆசி.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா