சிவப்பு நூல் கட்டிய அத்திக்குச்சி

பஸ்குவாலே,

பீன்ஸ் சூப் அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக் குடி. நான் கோயிலுக்குப் போறேன். சாவி ஆணியில.

மத்தியானம் என் தம்பி சவேரியோ வருவான். அப்பாவோட அத்திமரத்துல மிஞ்சின ஒரே குச்சி வேர் விட்டிருச்சுன்னு போன்ல சொன்னதுமே அழுதுட்டான். ஜன்னல்ல ரெண்டு கப் இருக்கு. சிவப்பு நூல் கட்டினதுதான் அப்பாவோடது, நீலம் உன் ஊர் மரத்துக் குச்சி, அது அழுகிப்போச்சு. பிடுங்கிப் பார்க்க மட்டும் விடாதே.

போன வருஷம், "டொராண்டோ குளிர் இந்த வருஷம் ஒண்ணும் பண்ணாது, உங்கப்பா வருஷா வருஷம் செஞ்ச மாதிரி மரத்தைச் சாய்ச்சுக் குழியில புதைக்க வேணாம், பழைய கம்பளம் சுத்தினாப் போதும்"னு சொன்னியே, மகராசா! மரம் பட்டுப்போனதை நான் இன்னும் மறக்கல.

அசுந்தா

சீஸ் ஃப்ரிட்ஜ்ல. இன்னிக்கு மட்டும் நிறையப் போட்டுக்கோ.

இன்னொண்ணு. நூலை நான் எப்பவும் பூ முடிச்சாத்தான் கட்டுவேன். சிவப்பு நூல்ல இப்ப இருக்கிறது உன் தூண்டில் முடிச்சு. அழுகிப்போனது அப்பாவோட குச்சி, வேர் விட்டது உன்னோடது. நான் அழக் கூடாதுன்னு மாத்திக் கட்டியிருக்கே, திருடா! சவேரியோகிட்ட மூச்சு விடாதே, அப்பாவோடதுன்னே இருக்கட்டும்.

இந்த மரத்துக்காவது குளிருக்கு முன்னாடி ஆழமாக் குழி வெட்டு.