அறுத்துவிட்ட வலை

மார்ச் 9, ஞாயிறு

கூடுதுறைக்குக் கீழே இன்றைக்குப் பதினோரு மூட்டை. பாட்டில், பாலித்தீன், அழுகின மாலை. சாமி படத்தைக்கூட விடுவதில்லை; கண்ணாடியோடு ஆற்றில் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். என் உள்ளங்காலைக் கிழித்தது எந்தச் சாமியோ!

ஞாயிறு மட்டும் மீன் பிடிக்காமல் குப்பை எடுத்துத் தரச்சொல்லி ஆற்றுச் சங்கத்துக்காரர்கள் கேட்டபோது, போங்கய்யா என்றுதான் சொன்னேன். என் தங்கை புவனாவின் புருஷன் பங்காருதான் இழுத்துவிட்டான். "நம்ம ஆறுங்க மச்சான். நாம எடுக்காட்டி எவன் எடுப்பான்?" அவன் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் கெளுத்திக் குழம்பு. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். "எங்கண்ணனுக்குக் குப்பை அள்ளுனாத்தான் பசிக்குது" என்று புவனா சிரித்தாள்.

மார்ச் 16

பங்காரு போய்விட்டான்.

மார்ச் 18

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாறை மடுவில் பழைய வலை ஒன்று சிக்கிக் கிடந்தது. "நீங்க பரிசலைப் புடிங்க மச்சான், நா முங்கி அறுத்துப்போட்டு வாரேன்" என்று கத்தியோடு குதித்தான். வரவில்லை. நான் குதித்தேன். கால் இரண்டும் வலைக்குள். கத்தி நழுவிவிட்டிருந்தது. என் கத்தியால் வலையோடு சேர்த்து அறுத்து மேலே கொண்டுவந்தேன் — உயிர் இல்லை.

பரிசலில் கிடத்தின பிறகுதான் வலையின் மேல்கயிற்றில் இருந்த மிதப்புகளைப் பார்த்தேன். பழைய நீலச் செருப்பை வட்டமாக நறுக்கிக் கோத்தவை. எங்கள் துறையில் ஆளுக்கொரு மிதப்பு. அதைப் பார்த்தே யார் வலை என்று சொல்லிவிடுவோம். நீலச் செருப்பு கட்டுகிறவன் நான் ஒருத்தன்தான்.

போன வருஷம் தண்ணீர் ஏறினபோது அந்த மடுவில் சிக்கினது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை, அறுத்துவிட்டு வந்து மறந்தும் போனேன். எல்லோரும் செய்வதுதான். கிழிசல் வலைக்காக எவன் முங்குவான்? ஐயோ, அன்னிக்கு முங்கியிருந்தா என்னடா கெட்டுப்போயிருக்கும் வெள்ளியங்கிரி?

கரைக்கு வருவதற்குள் மிதப்புகளை அறுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். செத்தவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்தேன்.

மார்ச் 22

பங்காருவின் அம்மா மயிலாத்தாள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "அந்த வலைய உட்டுப்போட்டுப் போனவன் கை வெளங்குமா?"

புவனா என் மடியில் முகம் வைத்து அழுதாள். தலையைத் தடவினேன். "யாரு வலைண்ணா அது? நீங்க கண்டுபுடிச்சிருவீங்கல்ல?"

தெரியலை கண்ணு என்றேன்.

மார்ச் 25

சோறு இறங்கவில்லை.

மார்ச் 29

நாளை மறுநாள் கருமாதி. தாலி இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் போட வேண்டும். கடையில் சேலையைக் கையில் எடுத்தேன். இந்தக் கையால் எப்படிப் போடுவேன்? நேரே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மிதப்புகளையும் முன்னால் வைத்தேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். மிதப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலைய அறுத்து உட்டது தெரியாமச் செஞ்சதுங்கண்ணா. இதை ஒளிச்சு வெச்சுப்போட்டு என்ர தலையைத் தடவுனீங்களே, அது?"

மிதப்புகளை என் பக்கமாகத் தள்ளினாள்.

"கோடி நீங்க போட வேண்டாங்க. பெரியப்பா பையன் போடட்டும்."

மார்ச் 31

கருமாதி கூடுதுறையில் நடந்தது. பெரியப்பா மகன் கோடி போட்டான். எனக்கு அங்கே என்ன இருக்கிறது? பரிசலை எடுத்துக்கொண்டு கீழ்த்துறையில் குப்பை எடுத்தேன்.

காரியம் முடிந்து பங்காருவின் துணிகளை ஆற்றில் விட்டார்கள். ஒரு சட்டை, ஒரு லுங்கி. என் பக்கமாகத்தான் வந்தன. கொக்கியை நீட்டி எடுத்தேன். மூட்டையில் போட மனசு வரவில்லை. மறுபடி ஆற்றில் விடவும் முடியவில்லை. படியில் நின்ற புவனா பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிப் போனாள்.